இரண்டு கையாலும் முகத்தைத் தடவுகிறவர்

பெரியவளே, சின்னவனே, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் நான் ரெண்டு கையையும் தூக்கி முகத்தைத் தடவிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, "அப்பா, எல்லாரும் பாக்குறாங்க, அப்படிப் பண்ணாதீங்க" என்று பெரியவள் என் தோளை இடித்தாள். "அப்பா தூக்கத்தை வெரட்டுறாரு" என்று சின்னவன் சிரித்தான். அது பஸ்ஸில் சொல்கிற விஷயம் இல்லை. வாயால் சொன்னாலும் எனக்குக் கோர்வையாக வராது. பத்தாவதோடு நின்று, அப்புறம் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தவன் நான். எழுதினால் யாரும் நடுவில் குறுக்கே பேச மாட்டீர்கள் அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பழக்கம் என்னுடையது இல்லை. ஒருத்தரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவர் பேர் வேண்டாம். அவர் குடும்பம் பாபநாசம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது, ஊரில் அவரைப் பற்றிப் பேசினதே போதும். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன்.

கஜகஸ்தானில், எண்ணெய் எடுக்கிற இடத்தில், அவருக்குச் சாரம் கட்டுகிற வேலை. அவர் கட்டின சாரத்தின் மேல் ஏறி நின்று வெல்டிங் வைப்பது என் வேலை. குளிர் எலும்புக்குள் போகிற காற்றில், அந்தப் பலகை ஆடாமல் இருந்ததால்தான் உங்களுக்கு அப்பாவாக இருக்கிறேன். பேச்சு கம்மி. ஆள் சுமாரான உயரம். கை மட்டும் மண்வெட்டி மாதிரி அகலம். அந்தக் கையைத்தான் முதல் நாளே பார்த்தேன்.

விமானத்தை விட்டு இறங்கி கேம்ப்புக்குப் போகிற பஸ் அது. ஜன்னலுக்கு வெளியே தட்டையான பூமி. அறுப்பு முடிந்த கோடையில் நம் வயல் எப்படிக் கிடக்கும், அப்படி. ஆனால் வரப்பு கிடையாது, வாய்க்கால் கிடையாது, கண்ணுக்கெட்டின வரைக்கும் ஒரு பனைமரம் கிடையாது. ரொம்ப தூரம் போனபிறகு ஒரு ஊர் தெரிந்தது. சின்னச் சின்னச் சுவர், மேலே குவிந்த கூரை, செங்கல் கோபுரம், எல்லாம் வெயிலில் பளிச்சென்று இருந்தது. ஊர் வந்துவிட்டது என்று நான் பையை எடுத்தேன். அதே நேரம் டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ரெண்டு கையையும் தூக்கி, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் மெதுவாகத் தடவினார். பஸ் தன்பாட்டுக்கு ஓடியது.

"யோவ், யோவ்!" என்று கத்தி, பக்கத்தில் இருந்தவரைப் பிடித்தேன். அவரும் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அவர்தான் அண்ணன், லீவு முடிந்து திரும்புகிறவர்.

"பயப்படாத தம்பி. கும்பிடுறாரு."

"கோயிலாண்ணே?"

"செத்தவங்க இருக்கிற ஊரு. உசிரோட இருக்கிறவங்க ஊரு இன்னும் தள்ளி இருக்கு. அது இவ்வளவு நல்லாயிருக்காது."

அவர் சொன்னது சரிதான். உயிரோடு இருக்கிறவர்கள் ஊரில் தகரக் கூரையும் நீலச் சாயம் அடித்த ஜன்னலும்தான். அங்கே கோபுரம் எல்லாம் செத்தவர்களுக்கு.

அந்த டிரைவர் வயசானவர், அந்த ஊர்க்காரர். ஒரு லீவு நாளில் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். அண்ணனுக்கு ரஷ்ய மொழி கொஞ்சம் வரும், அவர்தான் ரெண்டு பக்கமும் சொன்னார். அந்தச் சனங்கள் பல விஷயத்தில் நம்மைப் போலத்தான். டீயில் பால் ஊற்றுகிறார்கள். கல்யாணத்துக்கு ஊரையே கூப்பிட்டு, யாரைக் கூப்பிடாமல் விட்டோம் என்று பயப்படுகிறார்கள். கவர்மெண்டைத் திட்டுகிறபோது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அப்போது அவர்கள் தலைநகரத்துக்கு வேற பேர் வைத்திருந்த சமயம். புதுப் பேர் வாயில் வரமாட்டேன் என்கிறது என்றார் டிரைவர். "எங்க ஊர்ல ஆட்சி மாறினா பஸ்ஸுக்கே பேர் மாறும்" என்று அண்ணன் சொன்னதும் கிழவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். பிற்பாடு பழைய பேரையே திரும்ப வைத்துவிட்டார்களாம்.

டிரைவர் வீட்டம்மா எனக்குக் கிண்ணத்தில் டீ ஊற்றினார். அரைக் கிண்ணம்தான், அதைவிடக் குறைச்சல்கூட. எனக்குச் சுருக்கென்றது. உங்கள் தாத்தா காலத்தில் டீக்கடையில் நம் தெருக்காரர்களுக்குத் தனி டம்ளர். அப்படிப்பட்ட தெருவில் பிறந்தவனுக்குக் கிண்ணம் குறைந்தால் வேறு ஞாபகம்தான் வரும். நான் கிண்ணத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் குனிந்து, "தம்பி, மூஞ்சியைத் தூக்காத. இங்க நெறைய ஊத்தினா, குடிச்சிட்டுக் கெளம்புன்னு அர்த்தம். கொஞ்சமா ஊத்தினா, இரு, பேசு, மறுபடி மறுபடி கேட்டு வாங்கிக் குடின்னு அர்த்தம்" என்றார்.

நான் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தேன். அந்தம்மாவுக்குச் சந்தோஷம்.

அப்புறம்தான் டிரைவர் என்னிடம் ஏழு பாட்டன் பேர் கேட்டார். அங்கே எல்லாருக்கும் அது தெரியுமாம், சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம். அப்பா, அப்பாவுக்கு அப்பா என்று அவர் தன்னுடைய ஏழையும் விரல் மடக்கிச் சொன்னார். நான் என் அப்பா பேரைச் சொன்னேன். தாத்தா பேரைச் சொன்னேன். அதற்கு மேல் போகவில்லை. "அவங்கள்லாம் பண்ணையில வேலை செஞ்சவங்க. பேரை யாரும் வெச்சுக் காப்பாத்தலை" என்றேன்.

அப்பாவோடு பிறந்தவர்கள் யார் என்று கேட்டார்.

"ஒரு அண்ணன். எனக்குப் பெரியப்பா. நான் பாத்ததே இல்ல. நான் பொறக்குறதுக்கு முன்னாடியே மலேயாவுக்கு ஓடிப் போயிட்டாருன்னு சொல்வாங்க."

அண்ணன் இதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. அவருடைய ரெண்டு கையும் மடியிலிருந்து கொஞ்சம் மேலே எழும்பின. அவர் அதைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். கை மரத்துப் போயிருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

அந்தக் கையைப் பற்றி எனக்குப் புரிய ஆரம்பித்தது வேறொரு நாள். குழாய் அடுக்குகிற இடத்தை நீட்டிப் பெரிசாக்கப் போகிறார்கள் என்று எங்களை வெட்டவெளிக்குக் கூட்டிப் போனார்கள். ஒன்றுமில்லாத தரை, காய்ந்த புல். அண்ணன் சாரக்குழாயைத் தோளில் வைத்து முன்னால் நடந்தார். திடீரென்று நின்றார். குழாயைக் கீழே வைத்தார். ரெண்டு கையும் முகத்துக்குப் போனது. அங்கே கல் இல்லை, மேடு இல்லை, ஒரு அடையாளமும் இல்லை. பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்ற டிரைவர் ஓடி வந்தார்.

"உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. கை தானா போச்சு."

கிழவர் போய் பஸ்ஸில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் வண்டியை எடுக்கவில்லை. பிறகுதான் சொன்னார். அவர் பாட்டன் காலத்தில் ஒரு பெரிய பஞ்சம். ஆடு மாடெல்லாம் போய், சனங்கள் டவுனைப் பார்த்து நடந்தார்கள். நடக்க முடியாமல் விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே மண்ணைத் தள்ளி மூடினார்கள். "ஏழு பேர் சொல்லத் தெரிஞ்ச சனம், இந்த எடத்துல ஒரு பேருகூட இல்ல" என்றாராம். அண்ணன் எனக்கு அதைச் சொல்கிறபோது தரையைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கேம்ப்பில் விஷயம் பரவியது. கூத்தாநல்லூர்க்கார பாய் ஒருத்தர் எங்களுக்குச் சமையல், நல்ல கேலிக்காரர். "அண்ணே, நாங்க துஆ ஓதி முடிச்சிட்டுத்தான் முகத்தைத் தடவுவோம். நீங்க ஓதறதுக்கு முன்னாடியே தடவுறீங்களே! சோறு வாங்க வர்றப்ப கையைக் கட்டிக்கிட்டு வாங்க, என்னைப் பாத்து அதைத் தூக்கிடாதீங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவர் தட்டை நீட்டுகிறபோது ஒரு அடி தள்ளி நின்றுகொள்வார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

என் கை தெரிந்த இடத்தில்தான் எழும்பும். சுடுகாட்டைக் கண்டால் எழும்பும், பழக்கம் அவ்வளவுதான். அவர் கை தெரியாத இடத்தில் எழும்பியது. அதுதான் வித்தியாசம்.

ரெண்டு பேரும் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது ஒரத்தநாடு பக்கத்தில் ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். வயலில் குழாய் இறக்கக் கூடாது, எரிவாயு எடுக்கக் கூடாது என்று போராட்டம். எந்தக் கட்சி எதிர்க்கட்சியாக இருக்கிறதோ அது வந்து பந்தலில் உட்காரும், ஆட்சிக்குப் போனதும் எழுந்து போய்விடும். பெண்கள்தான் நிரந்தரமாக உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெய் வயலில் வேலை பார்த்தவர் என்று அண்ணனைப் பிடித்து மைக்கைக் கொடுத்தார்கள்.

"நான் வேலை பாத்த எடத்துக்குப் பக்கத்துல ஒரு ஊர் இருந்துச்சு" என்று ஆரம்பித்தார். "காத்து கெட்டுப் போச்சுன்னு ஊரையே தூக்கி வேற எடத்துல வெச்சுட்டாங்க. வீடு கட்டிக் குடுத்தாங்க, பள்ளிக்கூடம் குடுத்தாங்க. செத்தவங்களை மட்டும் தூக்க முடியல. அவங்க மட்டும் அங்கயே இருக்காங்க. சொந்தக்காரங்க வருஷத்துக்கு ஒரு தடவை பஸ் புடிச்சு..."

அங்கே நிறுத்தினார். எதிரே இருந்த கூட்டத்தைப் பார்த்தார். மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரெண்டு கையாலும் முகத்தைத் தடவினார். மைக் சட்டையில் உரசி, ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம் வந்தது.

முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்துவிட்டது. "யோவ், எங்களைப் பாத்தா பொணமாட்டம் தெரியுதா ஒனக்கு?"

சிரிப்பு எழும்பி, பாதியில் அடங்கிப் போனது. யாரோ மைக்கை வாங்கினார்கள். வெளியே வந்ததும் நான் கோபமாகத்தான் கேட்டேன், "என்னண்ணே நீங்க, இவ்வளவு பேர் முன்னாடி?"

"நான் ஆளுங்களைப் பாக்கல தம்பி. அவங்களுக்குப் பின்னாடி வயலைப் பாத்தேன்."

வயல் பச்சையாகத்தான் இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பெரிய அப்பாயி என்று நீங்கள் கூப்பிட்டீர்களே, என் பெரியம்மா, அவர்களைப் பற்றி ஒன்று உங்களுக்குச் சொன்னதில்லை. அவர்கள் நெற்றியில் எப்போதும் அகலமாகப் பொட்டு இருக்கும், கழுத்தில் தாலி இருக்கும். பெரியப்பா எங்கே என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "வெளியூரு" என்பார்கள். அவர் போன கதை இதுதான்.

கறுப்பு சிவப்புக் கொடி கோட்டைக்குப் போன புதுசு. நம் தெருவுக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் தைரியம் வந்த காலம். பண்ணைக் களத்தில் நெல் அடித்து, கூலியைப் படியால் அளந்து போடுவார்கள். அரைப்படி கூடக் கொடுங்கள் என்று பெரியப்பா கேட்டார். பின்னால் தெருவே நின்றது. மறுநாள் பண்ணையின் காரியக்காரர் வீட்டுக்கு வந்து, "ஐயா கூப்பிடுறாரு, பேசி முடிச்சுக்கலாம்" என்றார். பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டாமல் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவ்வளவுதான். கூலிக்கு ஆள் பிடிக்கிறவனோடு ரயில் ஏறிவிட்டான், மலேயாவுக்கு ஓடிவிட்டான் என்று பண்ணையில் சொன்னார்கள். போலீசும் வந்து அதையே சொல்லிவிட்டுப் போனது. நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் வந்தபோது அந்தப் பண்ணை நிலமெல்லாம் மாடு மேய்க்கிறவர் பேருக்கும் சமையல்காரர் பேருக்கும் மாறியது. பெரியப்பா பேர் மட்டும் எங்கேயும் இல்லை.

தெருவில் சிலர் பொட்டை எடுக்கச் சொன்னபோது பெரியம்மா சொன்னார்களாம், "செத்தவன் வரமாட்டான். ஓடிப் போனவன் வருவான். நான் ஓடிப் போனவன் பொண்டாட்டியாவே இருந்துட்டுப் போறேன்."

அந்தக் களத்துமேட்டைத்தான் நான் வாங்கப் பேசினேன். பண்ணை வீட்டுப் பேரன் சென்னையில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் விற்றார். வெள்ளம் ஏறாத மேடு, நாம் வீடு கட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது. பெரியம்மாவுக்குத்தான் ரொம்ப ஆசை. "கூலி அளந்து போட்ட எடத்துல அடுப்பு வெச்சுப் பொங்கணும்டா" என்றார்கள். பேச்சு முடிந்ததும், கட்டட வேலை தெரிந்தவர் ஒருத்தர் பார்க்கட்டும் என்று அண்ணனை வரவழைத்தேன். களத்துமேட்டைப் பற்றி நான் அவரிடம் அதுவரை வாய் திறந்ததில்லை. அதை உங்களுக்குச் சத்தியமாகச் சொல்கிறேன்.

நல்ல வெயில். பக்கத்து வயலில் நாற்றுப் பறிக்கிறவர்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அண்ணன் மண்ணைக் காலால் கிளறிப் பார்த்தார். "நல்ல மேடு தம்பி. கடைக்கால் ஆழமா வேண்டாம். வாசலைக் கெழக்க வெச்சிட்டு, அடுப்படியை..." என்று பேசிக்கொண்டே பழைய வைக்கோல் போர் இருந்த மூலைக்கு நடந்தார். பேச்சு நின்றது. வலது கை எழும்பியது. இடது கை அதன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. ஒரு கணம் ரெண்டு கையும் சண்டை போட்டன. அப்புறம் ரெண்டுமே சேர்ந்து முகத்துக்குப் போயின.

பெரியம்மா பார்த்துவிட்டார்கள். பந்தலில் நடந்தது அவர்கள் காதுக்கும் வந்திருந்தது.

"என்ன தம்பி, மொகத்துல என்ன?"

"வேர்வை ஆத்தா."

"வேர்வையை யாரும் அப்படித் தொடைக்க மாட்டாங்க." பெரியம்மா நடந்து போய் அந்த மூலையில் நின்றார்கள். "இங்கயா?"

அண்ணன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கேக்குறேன்ல. இங்கயா, இன்னும் தள்ளியா?"

அந்தப் பெரிய மனுஷன் வாய் கோணி அழ ஆரம்பித்தார். "எனக்குத் தெரியாது ஆத்தா. சத்தியமாத் தெரியாது. கைதான் போகுது."

பெரியம்மா அங்கேயே மண்ணில் உட்கார்ந்தார்கள். உள்ளங்கையைத் தரையில் வைத்தார்கள், உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் வைப்பார்களே, அப்படி. நாற்றுப் பறிக்கிறவர்கள் சிரிப்பு மட்டும் நிற்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எந்திரிக்கணும், கை குடுடா" என்றார்கள்.

வீட்டுக்கு வருகிற வழியில் வரப்பில் நின்று சொன்னார்கள், "எடத்தை வாங்கு. விட்டுடாத. ஆனா தோண்டாத."

"கடைக்கால் தோண்டாம வீடு எப்படிப் பெரியம்மா?"

"வீடு வேணாம். தோண்டினா ஒண்ணு அவரு இருப்பாரு, இல்ல இருக்க மாட்டாரு. இருந்தா, இத்தனை வருஷம் வெச்ச பொட்டுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்? இல்லேன்னா மறுபடி மொதல்லேர்ந்து காத்திருக்கணும். அதுக்கு எனக்கு வயசு இல்ல."

நான் வாங்கினேன். தோண்டவில்லை. அதனால்தான் நாம் இன்னும் பள்ளத்தில் இருக்கிறோம். மழைக்காலத்தில் வாசலில் தண்ணீர் நிற்கிறபோது நீங்கள் ரெண்டு பேரும் முணுமுணுப்பது எனக்குக் கேட்காமல் இல்லை. தோண்டியிருக்க வேண்டுமோ என்று எனக்கும் சில நாள் தோன்றும். நம் தெருவுக்கு நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் அந்த அம்மாள் உயிரோடு இருந்த வரைக்கும் அது அவர்கள் நெற்றி, நான் கைவைக்கிற இடம் இல்லை. இப்போதும் அவர்கள் சொல்லைத் தாண்ட எனக்கு மனசு வரவில்லை.

அண்ணன் அப்புறம் நம் ஊருக்கு வரவே இல்லை. மறுபடி கஜகஸ்தான் போய்விட்டார். நான் போகவில்லை. அங்கே கேஸ் விலையை ஏற்றினார்கள் என்று சனங்கள் தெருவுக்கு வந்து, அது ஊர் ஊராகப் பரவி, துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனதே, அப்போது போனும் இல்லை, நெட்டும் இல்லை. அவர் வீட்டில் எல்லாரும் தவித்துப் போனார்கள். பிறகு லைன் கிடைத்ததும் எனக்கும் பேசினார். வேறு ஒரு பெரிய டவுனில் மாட்டிக்கொண்டிருந்தாராம். சண்டை அடங்கி, தெருவைக் கழுவி, பஸ்ஸெல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு வெளியே போனாராம். கடை திறந்திருக்கிறது, பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடுகிறார்கள்.

"எப்படிண்ணே இருக்கு?"

"எல்லாம் சரியாயிடுச்சுங்கிறாங்க தம்பி. நான் ரெண்டு கையையும் கோட்டு பாக்கெட்டுல போட்டு, உள்ள துணியை இறுக்கிப் புடிச்சிக்கிட்டே நடந்தேன். ரூமுக்கு வந்து பாத்தா பாக்கெட் கிழிஞ்சிருக்கு."

அதுதான் அவரோடு நான் கடைசியாகப் பேசியது. இப்போது அந்த எண்ணில் வேறு யாரோ எடுக்கிறார்கள். வீட்டில் கேட்டால், "நல்லாயிருக்காருங்க, அங்கதான் இருக்காரு" என்கிறார்கள். எனக்கு அதற்கு மேல் கேட்கத் தைரியம் இல்லை.

பெரியம்மா போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பொட்டோடும் பூவோடும்தான் படுக்க வைத்தோம். அன்றைக்குக் காலையில் தெருப் பெரியவர்கள் வாசலில் உட்கார்ந்து, சேதி சொல்ல ஆட்களை அனுப்பினார்கள். எவ்வளவு போன் இருந்தாலும் நெருங்கின சொந்தத்துக்கு ஆள் நேரில் போய்ச் சொல்வதுதான் நம் வழக்கம். இந்த ஊருக்கு இவன், அந்த ஊருக்கு அவன் என்று பிரித்தாயிற்று. கடைசியில் ஒருத்தர், "எல்லாருக்கும் சொல்லியாச்சா? சொல்ல வேண்டியவங்க யாரும் விட்டுப் போகலயே?" என்று கேட்டார்.

மாலை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் சைக்கிளை எடுத்தேன். மாலைக் கடைப் பக்கம் போகவில்லை. களத்துமேட்டில் இறங்கி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த மூலைக்குப் போனேன். புல் முழங்கால் வரைக்கும் இருந்தது. பெரியப்பா என்று நான் யாரையும் அதற்கு முன் கூப்பிட்டது கிடையாது. தூரத்தில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டேன்.

"பெரியப்பா, பெரியம்மா தவறிட்டாங்க. சாயங்காலம் எடுக்கிறோம்."

சாவுச் சேதி சொல்லப் போகிறவன் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. நான் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் திருப்பினேன்.